கருவாட்டு மலரும் யப்பான் மெசினும்

மொன்றியலில் சபனெல் தெருத் தையல் பக்டரிகளில் வேலை செய்த ஆட்களிடம் போய்ச் செல்வமலரைத் தெரியுமா என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். கருவாட்டு மலர் என்று கேட்டுப் பாருங்கள். "ஓ, அவவோ" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைக்க இருந்துவிடுவார்கள். இதிலே பகிடி என்னவென்றால், செல்வமலருக்குக் கருவாட்டைக் கண்ணிலும் காட்டக்கூடாது. பருத்தித்துறையில் கடலைப் பார்த்த வீட்டில் பிறந்தும், அந்த மணம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போகிற ஆள். கல்யாணம் முடித்த கையோடு புருசன் யோகேந்திரனிடம், "மீன் எவ்வளவும் வாங்குங்கோ, கருவாடு மட்டும் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கப்படாது" என்று சொன்னவள். அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பட்டம் வந்தது ஒரு மைக்ரோவேவாலும் ஒரு யப்பான் மெசினாலும்.

செல்வமலர் ஆள் கட்டை. குரல் நெட்டை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். கனடாவுக்கு வருகிற வழியில் பாங்கொக்கில் ஏஜென்சிக்காரன் அவளையும் இன்னும் சில பெண்களையும் ஒரு மாடி அறையில் மாதக்கணக்காய் அடைத்து வைத்திருந்தான். அடுப்பு மூட்டக்கூடாது, மணம் போனால் பொலிஸ் வரும் என்று வீட்டுக்காரன் கட்டளை. காலையில் கொண்டுவந்து வைக்கிற ஆறின சோற்றைத்தான் இரவும் தின்ன வேண்டும். அந்த அறையில் வைத்து அவள் ஒரு முடிவு எடுத்தாள். போய்ச் சேருகிற நாட்டில் வீடு சின்னதாயிருக்கட்டும், வேலை எதுவாயும் இருக்கட்டும், ஆனால் சாப்பாடு சூடாயிருக்க வேண்டும். கார்ட்டியர்வில்லில் இரண்டு அறை வீட்டுக்கு வந்த முதல் நாளே, தளபாடம் ஒன்றும் இல்லாத குசினியில் நின்றபடி, ஆவி பறக்கப் பறக்கச் சோறும் பருப்பும் தின்றாள். அதற்குப் பிறகு ஒரு நேரம்கூட ஆறின சாப்பாடு அவள் வாய்க்குள் போனதில்லை, 2003ஆம் ஆண்டு இலையுதிர்காலம் வரைக்கும்.

அவள் வேலை செய்த பக்டரி ஒரு பெரிய பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருந்தது. குளிருக்குப் போடுகிற கோட்டுகள் தைக்கிற இடம். முதலாளி யோசெப், லெபனானில் இருந்து வந்தவர். கெட்டவர் இல்லை, ஆனால் அவருடைய கண் எப்போதும் கோட்டு ஏற்றக் கீழே நிற்கிற லொறியில்தான். கட்டடத்தை நிர்வகித்தவள் கத்தரின் என்கிற வெள்ளைக்காரப் பெண். மதாம் கத்தரினுக்குக் கீழ்மாடியில் இருந்த கண்ணாடிக் கடைகள்தான் உயிர். வெளியூரில் இருந்து பெரிய பெரிய வியாபாரிகள் வந்து உடுப்புத் தெரிவுசெய்கிற இடம் அது. மேலே இருந்து தைக்கிற சனம் அவளுக்குக் கூரையில் ஓடுகிற எலிகள் மாதிரி, சத்தம் கேட்காதவரைக்கும் பிரச்சினை இல்லை.

அந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் மத்தியானம் வசந்தினி தன் சாப்பாட்டை மைக்ரோவேவில் வைத்தாள். வசந்தினி மட்டக்களப்பில் இருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. அகதி வழக்கு இன்னும் முடியாததால் யாராவது உரத்துக் கதைத்தாலே தன்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நடுங்குகிற பிள்ளை. பெட்டிக்குள்ளே இருந்தது சோறும் கருவாட்டுக் குழம்பும். குழம்பின் மணம் லிப்ற் போகிற குழி வழியாக இறங்கிப் போய், கீழே மெல்லிய கிளாசில் வைன் குடித்துக்கொண்டு நின்ற வியாபாரிகளைத் தொட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் மதாம் கத்தரின் மூக்கில் லேஞ்சியை வைத்துக்கொண்டு ஆறாம் மாடிக்கு ஏறிவந்தாள்.

"இது யாருடையது?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மைக்ரோவேவுக்குள்ளே பெட்டி தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. வசந்தினி பெட்டியையே பார்த்துக்கொண்டு நிற்பதைச் செல்வமலர் கண்டாள். மதாமும் காண ஒரு நொடி போதும். செல்வமலர் எழும்பி நின்று, "என்ரை" என்றாள். பிறகு அதையே பிரெஞ்சிலும் சொன்னாள்.

மதாம் கத்தரின் அந்தப் பெட்டியை இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள். சோற்றோடு போட்டாள். அன்று பின்னேரமே மைக்ரோவேவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில், வெளியில் இருந்து கொண்டுவருகிற உணவைச் சூடாக்குவது தடை என்று ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது.

"அக்கா, என்னாலைதானே" என்று வசந்தினி அழுதாள்.

"உன்னாலை இல்லை. சோத்தைக் குப்பையிலை போட்டாள் பார், அவளாலை. அழாதை. நான் இதை விடமாட்டன்" என்றாள் செல்வமலர்.

மார்கழி பிறந்தது. சபனெல் தெருவில் குளிர் எலும்புக்குள் ஏறுகிற காலம். ஊரெல்லாம் சூடாய்த் திரியக் கோட்டுத் தைக்கிற பெண்கள், விறைத்த சோற்றைக் கரண்டியால் இடித்து இடித்துத் தின்றார்கள். பழகிவிடும் என்றார்கள் சிலர். செல்வமலருக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே பற்றிக்கொண்டு வரும். ஏன் பழக வேண்டும்? மாடு கூடக் கழுநீர் வெதுவெதுப்பாய் இருந்தால்தான் வாயை வைக்கும்.

ஒருநாள் அவள் இரண்டு பாண் துண்டுக்குள் கிழங்குப் பிரட்டலை வைத்து, அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு வந்தாள். மத்தியானம் கோட்டு அழுத்துகிற நீராவி இஸ்திரிப் பெட்டியை எடுத்து, அந்தப் பொதியின் மேலே வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். திருப்பிப் போட்டு இன்னொரு அமுக்கு. பிரித்தால் பாண் பொன்னிறமாய் முறுகி, உள்ளே கிழங்கு ஆவி விட்டது. மணம் வெளியே போகவில்லை, தாள் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது.

இதை அருமைநாதன் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் பக்டரியின் தையல் மெசின்களைத் திருத்துகிறவர். திருகோணமலைக்காரர். கனடாவுக்கு வரமுதல் யப்பானில் சில வருசம் இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர். அந்தக் கதையைக் கேட்காத காது அந்தக் கட்டடத்தில் இல்லை. "யப்பானிலை..." என்று அவர் தொடங்கினால் ஆட்கள் மலசலகூடத்துக்குப் போகிற மாதிரி எழும்பிவிடுவார்கள். செல்வமலர் அன்று எழும்பவில்லை, கையில் சூடான பாண் இருந்தபடியால்.

"யப்பானிலை இதுக்கெண்டே ஒரு மெசின் இருக்கு தங்கச்சி" என்றார் அருமைநாதன். "காசைப் போட்டால் உள்ளை இருந்து ஒரு பொதி விழும். ரெண்டு சுடுதகடு அதை இப்பிடி நெரிக்கும். ஒரு நிமிசத்திலை சுடச்சுடப் பாண் வெளியாலை வரும். கையிலை பிடிக்கேலாது."

"சும்மா அளக்காதேங்கோ அண்ணை."

"பொய்யெண்டால் என்ரை நாக்கு அழுகட்டும். பாண் மட்டுமே? தெருவுக்குத் தெரு மெசின். கோப்பி ரின்னிலை சூடா வரும். சோளச் சூப்பும் ரின்னிலை சூடா வரும். நான் இரவு வேலை முடிஞ்சு பனிக்குள்ளாலை வரேக்கை ஒண்டை வாங்கி ரெண்டு கையாலும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு நடப்பன். அறைக்கு வந்துதான் குடிக்கிறது. அந்த மெசின் காசு போட்டவுடனை நன்றி எண்டு ஒரு பொம்பிளைக் குரலிலை சொல்லும். அந்த நாட்டிலை எனக்கு நன்றி சொன்னது அது ஒண்டுதான்."

இதைச் சொல்லும்போது அவருடைய முகம் வாடிப்போனது. செல்வமலர் பாதிப் பாணைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள். அவர் மென்றுகொண்டே அடுத்ததைச் சொன்னார்.

"அந்தப் பாண் மெசின் ஒண்டு இந்தக் கட்டடத்துக்குக் கீழை கிடக்கு."

செல்வமலர் மெல்லுவதை நிறுத்தினாள்.

முன்பு அந்தக் கட்டடத்தில் ஒருவன் யப்பான் விளையாட்டு மெசின்களை இறக்குமதி செய்து ஒரு கூடம் திறக்க நினைத்தவனாம். கூடமும் திறக்கவில்லை, வாடகையும் கட்டவில்லை, ஆள் மாயமாகிவிட்டான். அவன் விட்டுப்போன சாமான்கள் நிலவறையில் தூசி குடித்துக்கொண்டு கிடந்தன. கட்டடம் பார்க்கிற போர்த்துக்கீசக் கிழவருக்கு அவற்றை எப்படித் தொலைப்பது என்பதே கவலை. "எடுத்துக்கொண்டு போங்கள், புண்ணியமாய்ப் போகும்" என்றார். பாண் மெசின் ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் கூடின தகரப் பெட்டி. செம்மஞ்சள் நிறம். முகத்தில் பாண் துண்டு ஒன்றின் படம், அதற்குக் கீழே வாசிக்க முடியாத யப்பான் எழுத்து. பொதிகளை வைக்க உள்ளே குளிரான இரண்டு வரிசை. செல்வமலர் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். பெண் பார்க்கப் போன மாமியார்கூட அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டாள்.

அடுத்த நாளே அவள் மதாம் கத்தரினின் அறைக் கதவைத் தட்டினாள். தன் உடைந்த பிரெஞ்சில் கேட்டாள், கட்டடத்தில் கோக் மெசின் வைக்கலாமா? வைக்கலாம் என்றாள் மதாம். சொக்லற் மெசின்? தாராளமாய். அப்படியென்றால் பாண் மெசின்? மதாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கருவாட்டுக்காரி என்று அடையாளம் பிடித்துவிட்டாள். ஆனால் கட்டட விதியில் தானியங்கி மெசினுக்குத் தடை இல்லை. அவளே இப்போதுதான் தன் வாயால் இரண்டு தரம் ஓம் என்று சொல்லியிருந்தாள்.

"மணம் வரக்கூடாது. ஒரே ஒரு முறைப்பாடு வந்தாலும் அன்றைக்கே அது வெளியே போகும்" என்றாள்.

"சரி மதாம்" என்று செல்வமலர் தலையை ஆட்டினாள்.

அருமைநாதன் இரண்டு கிழமை மெனக்கெட்டு அதைத் திருத்தினார். யப்பான் கரண்டுக்கும் கனடாக் கரண்டுக்கும் ஒத்துவராது என்று இடையில் ஒரு பெட்டி பொருத்தினார். எல்லாம் சரிவந்தது, காசு விழுகிற இடம் மட்டும் சரிவரவில்லை. யப்பான் நாணயத்தைத் தவிர வேறெதைப் போட்டாலும் அது துப்பியது. கடைசியில் அருமைநாதன் வீட்டில் ஞாபகத்துக்கு வைத்திருந்த நூறு யென் நாணயங்கள் பத்துப் பன்னிரண்டைக் கொண்டுவந்தார். அவைதான் சுற்றிச் சுற்றி வரும். எல்லா நாணயமும் விழுந்து முடிந்தவுடன், மெசின் கதவைத் திறந்து, அவற்றையே அடுத்தவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் கதவைப் பூட்டித் திறக்கிற திறப்பு செல்வமலரின் தாலிக்கொடியில் தொங்கியது.

இன்னொரு சங்கதியும் இருந்தது. காலையில் ஆளாளுக்கு வீட்டில் கட்டிய பொதியை மெசினுக்குள் அடுக்க வேண்டும். ஆனால் அடியில் இருக்கிறதுதான் முதலில் விழும். உன்னுடைய பொதி உனக்கு வராது. யாரோ கட்டியதை நீ தின்பாய், நீ கட்டியதை யாரோ தின்பார்கள். இடது வரிசை மரக்கறி, வலது வரிசை மச்சம் மாமிசம் என்று பிரித்தார்கள். அதற்கு மேலே பிரிக்க வழியில்லை.

துணி வெட்டுகிற அருளம்பலத்துக்கு இது பொறுக்கவில்லை. ஊரில் பெரிய ஆளாய் இருந்தவர், அந்தப் பெரியதனத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தவர். எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டார்: "ஆற்றை கையாலை கட்டினது எண்டு தெரியாமல் எப்பிடித் தின்னுறது?"

எதைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் விளங்கியது. சிலர் தலையைக் குனிந்து நூல் கோர்த்தார்கள். செல்வமலர் குனியவில்லை.

"அருளம்பலம் அண்ணை, வரேக்கை பிளேனிலை தந்த சாப்பாட்டை ஆர் கட்டினதெண்டு கேட்டே திண்டனீங்கள்?"

"அது வேறை."

"என்ன வேறை? அங்கை கை தெரியேல்லை, திண்டியள். இஞ்சையும் தெரியாது, தின்னுங்கோ. இல்லாட்டி அந்தா, உங்கடை வீட்டுச் சோறு பச்சைத்தண்ணியாக் கிடக்கு. ஆரும் உங்களைக் கட்டாயப்படுத்தேல்லை."

அருளம்பலம் முகத்தை ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டு போய்த் தன் மேசையில் இருந்துவிட்டார். செல்வமலர் அவரை அதற்குப் பிறகு அழைக்கவுமில்லை, சமாதானம் சொல்லவுமில்லை.

பொங்கல் கழிந்து வந்த வெள்ளிக்கிழமை மெசினைத் தொடக்குவது என்று நாள் குறித்தார்கள். இந்த இடத்தில்தான் செல்வமலர் பிழை விட்டாள். புதுக் கார் எடுத்தால் என்ன, புதுத் தையல் மெசின் எடுத்தால் என்ன, நம்முடைய ஆட்கள் சும்மா தொடக்குவார்களா? காலையிலேயே பொதிகளை உள்ளே அடுக்கியாயிற்று. மத்தியானம் மெசினின் நெற்றியில் சந்தனம் வைத்தாள். கால் ஒவ்வொன்றுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசுக்கினாள். வசந்தினி மாலை போட்டாள். இவ்வளவோடு நின்றிருக்கலாம். செல்வமலர் ஒரு சின்னத் தட்டில் கற்பூரம் வைத்தாள், கொஞ்சம் போதாது என்று இன்னும் நாலு கட்டி வைத்தாள், நெருப்புக்குச்சியைக் கிழித்தாள். கறுத்தப் புகை நேரே மேலே போனது. மேலே கூரையில், இத்தனை வருசமாய் ஒருவரும் நிமிர்ந்து பாராத அந்த வெள்ளை மூடி இருந்தது.

மணி அடித்தது. ஆறாம் மாடியில் மட்டுமா? முழுக் கட்டடத்திலும் அடித்தது. மைக்கில் ஒரு குரல் எல்லாரையும் வெளியே போகச் சொன்னது. எட்டு மாடிச் சனமும் படிக்கட்டால் இறங்கி, கோட்டுப் போட்டதும் போடாததுமாய்ச் சபனெல் தெருப் பனியில் நின்றது. கீழ்க்கடைக்கு வந்த வியாபாரிகள் மெல்லிய சப்பாத்தோடு துள்ளித் துள்ளி நின்றார்கள். தீயணைப்பு வண்டிகள் ஊளையிட்டுக்கொண்டு வந்தன. பெரிய தொப்பிக்காரர் ஒருவர் மேலே போய்ப் பார்த்துவிட்டு, கற்பூரத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கிவந்தார், கோயில் ஐயர் தீபம் கொண்டுவருகிற மாதிரி. யாரோ ஒருவர் பழக்கத்தில் தொட்டுக் கும்பிடக் கையை நீட்டியே விட்டார்.

செல்வமலருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் மொக்குத்தனத்தால் எல்லாம் கெட்டது என்று தெரிந்தது. மதாம் கத்தரின் அவளுக்கு நேரே வந்து நின்றாள்.

"முடிந்தது. அந்த மெசின் இன்றைக்கே போகிறது" என்றாள். குளிரோ கோபமோ, அவளுடைய சொண்டு நீலம் பாரித்திருந்தது.

செல்வமலர் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் மதாம் இன்னும் ஒரு சொல் சொன்னாள். "உங்கள் ஆட்களுக்கு ஒரு அடுப்பைக்கூட நம்பிக் கொடுக்க முடியாது."

திறந்த வாய் மூடிக்கொண்டது. மன்னிப்பு உள்ளேயே நின்றுவிட்டது. பாங்கொக் வீட்டுக்காரனும் இதைத்தானே சொன்னான்.

திரும்ப மேலே ஏறவிடும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. யோசெப் கை தட்டிக்கொண்டு ஓடித்திரிந்தார். "வேலைக்கு, வேலைக்கு! பின்னேரம் லொறி போகவேண்டும். இருநூறு கோட்டுக்கு இன்னும் கழுத்து வைக்கவில்லை." கழுத்து வைக்கிறவள் செல்வமலர். அவள் தன் தையல் மெசினைத் தாண்டிப் போய், பாண் மெசினுக்கு முன்னால் நின்றாள்.

"மொஸ்யு யோசெப், நாங்கள் இன்னும் சாப்பிடேல்லை" என்றாள். "சாப்பாட்டு நேரம் எங்கடை. அதைத் தெருவிலை நிண்டு கழிச்சிட்டம். இப்ப சாப்பிடுறம். பேந்து தைப்பம்."

தமிழில் பாதி, பிரெஞ்சில் பாதி. ஆனால் அவருக்கு எல்லாம் விளங்கியது.

அவள் நாணயத்தைப் போட்டாள். உள்ளே ஏதோ விழுந்தது. சிவப்பு விளக்கு ஒன்று பற்றியது. தகடுகள் நெரிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கீழே வாயில் பொதி வந்து விழுந்தது. அதை எடுத்தவள் இந்தக் கையும் அந்தக் கையுமாய் மாற்றி மாற்றி ஊதினாள். பிரித்தால் சீனிச் சம்பலும் பாணும். யார் கட்டியதோ தெரியாது, நல்ல உறைப்பு. குளிரில் விறைத்துப் போய் வந்த அத்தனை பெண்களும் அந்த ஆவியைப் பார்த்தார்கள். வசந்தினிதான் முதலில் எழும்பி வந்து அவளுக்குப் பின்னால் நின்றாள். பிறகு இன்னொருத்தி. அதற்குப் பிறகு கதிரைகள் இழுபடுகிற சத்தம்தான்.

ஒரு மெசின். ஒரு பாணுக்கு ஒரு நிமிசத்துக்கு மேலே. பத்துப் பன்னிரண்டு நாணயம். வரிசையோ பக்டரிக் கதவு வரைக்கும் நீண்டுவிட்டது. நாணயம் முடிகிற போதெல்லாம் செல்வமலர் கையைத் துடைப்பாள், தாலிக்கொடியை இழுத்துத் திறப்பை எடுப்பாள், கதவைத் திறப்பாள், நாணயங்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்குவாள், கதவைப் பூட்டுவாள். ஒன்றிலும் அவசரம் இல்லை. வேலை நிறுத்தம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு நிற்கிறோம், அவ்வளவுதான்.

யோசெப் கெஞ்சிப் பார்த்தார், கத்திப் பார்த்தார், மணிக்கூட்டைக் காட்டினார். "இது எப்போது முடியும்?"

"மெசினைக் கேளுங்கோ. அதுதான் மெல்லச் சுடுது" என்றாள் செல்வமலர்.

மதாம் கத்தரின் வந்து சேர்ந்தாள். வயரைப் பிடுங்கச் சொல்லிப் போர்த்துக்கீசக் கிழவரைத் தேடினாள். அவர் வரிசையில் நின்றார், கையில் ஒரு யென் நாணயத்தோடு. அதற்குப் பிறகு தானே பிடுங்கப் போனாள். வயர் மெசினுக்குப் பின்னால் சுவரில் இருந்தது. செல்வமலர் அதற்கு முன்னால் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்று பாணை மென்றாள்.

"மதாம், கற்பூரம் கொளுத்தினது என்ரை பிழை. அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை" என்றாள். "சோத்தைக் குப்பையிலை போட்டது உங்கடை பிழை. நீங்கள் அதைச் சொல்லுங்கோ, நான் விலகுறன்."

மதாம் சொல்லவில்லை. செல்வமலர் விலகவுமில்லை. வரிசையின் கடைசியில் ஒரு அசுமாத்தம் கேட்டு அவள் எட்டிப் பார்த்தாள். அருளம்பலம் வந்து நின்றுகொண்டிருந்தார். முகம் இன்னும் நீண்டபடிதான் இருந்தது. அவர் இடது வரிசைக்கா வலது வரிசைக்கா என்று யாரும் கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.

கீழே லொறிக்காரன் ஹோன் அடித்தான். அந்த ஹோன் சத்தத்தோடு யோசெப்புக்குப் பொறுமை அறுந்தது. தன் அறைக்குள்ளே ஓடினார். வரும்போது இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி மைக்ரோவேவைக் கொண்டுவந்தார். அதே மைக்ரோவேவ். இத்தனை நாளும் அது அவருடைய அறையில்தான் இருந்திருக்கிறது. உள்ளே சுவரெல்லாம் அவருடைய சூப் தெறித்துக் காய்ந்திருந்தது. பெண்கள் அதைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். அவர் ஒருவரையும் பாராமல் அதைப் பழைய இடத்தில் வைத்து வயரைச் செருகினார்.

"யோசெப், மணம் வரும்" என்றாள் மதாம் கத்தரின்.

"மணம் என் லொறியை நிறுத்தாது. இந்த மெசின் நிறுத்துகிறது. இதிலும் சூடாக்கட்டும், அதிலும் சூடாக்கட்டும், எதிலாவது சூடாக்கிக்கொண்டு தைக்கட்டும். இல்லாவிட்டால் நான் என் பக்டரியை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோகிறேன்."

முழு மாடியின் வாடகை அது. மதாம் கத்தரின் மெசினின் செம்மஞ்சள் முகத்தைப் பார்த்தாள், சந்தனப் பொட்டைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். செல்வமலர் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை நகத்தால் சுரண்டி எடுத்தாள். நாலாய் மடித்தாள். மெசினின் ஒரு கால் தேசிக்காய் சரியாய் நசுங்காமல் ஆடிக்கொண்டிருந்தது. தேசிக்காயை எடுத்துவிட்டு அந்தத் தாளை அதற்குக் கீழே வைத்தாள். ஆட்டம் நின்றது. அதற்குப் பிறகு போய்க் கழுத்து வைக்க இருந்தாள். இருநூறு கோட்டும் அன்று லொறியில் ஏறின, சுணங்கித்தான் ஏறின.

இத்தோடு விட்டிருந்தால் அவள் செல்வமலர் இல்லை.

சனிக்கிழமை கோட்-டே-நேஜில் உள்ள தமிழ்க் கடைக்குப் போய்க் கருவாடு வாங்கினாள். அதைக் கண்ட யோகேந்திரன், "ஆருக்கு?" என்று கேட்டார். "எனக்கு" என்றாள். மனிதன் எழும்பிப் போய்க் குசினி யன்னலைத் திறந்து வைத்தார். ஞாயிறு பின்னேரம் வசந்தினிக்கு ரெலிபோன் எடுத்து, எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டாள். கத்தரிக்காய் போட்டுப் பழப்புளி விட்டுக் காய்ச்சச் சொன்னாள் அவள். செல்வமலர் மூக்கைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு காய்ச்சினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் அவள் பெட்டியை மைக்ரோவேவில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். பெட்டி சுற்றியது. மணம் பக்டரியை நிறைத்தது. லிப்ற் குழியாலும் இறங்கியிருக்கும். எல்லாரும் சாப்பிடுகிறதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதாம் கத்தரின் வந்தாள். இந்த முறை மூக்கில் லேஞ்சி இல்லை.

"இது யாருடையது?"

"என்ரை" என்றாள் செல்வமலர்.

யோசெப்பின் அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. மதாம் கத்தரின் சாத்திய கதவைப் பார்த்தாள், செம்மஞ்சள் மெசினைப் பார்த்தாள், செல்வமலரைப் பார்த்தாள். செல்வமலர் பெட்டியை எடுத்து மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, ஆவி முகத்தில் அடிக்க அடிக்க முதல் பிடியை வாயில் வைத்தாள். மதாமின் சப்பாத்துச் சத்தம் லிப்ற் வரைக்கும் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

செல்வமலரின் கண்ணால் தண்ணீர் ஓடியது. தொண்டைக்குள் இறக்க முடியாமல் ஒவ்வொரு வாயையும் அவள் தண்ணீரோடு தள்ளினாள். வசந்தினிக்குப் பார்க்கப் பாவமாய் இருந்தது.

"அக்கா, உங்களுக்குத்தான் இது பிடிக்காதே. என்னட்டைத் தாங்கோவன்."

"பிடிக்காதுதான்" என்றாள் செல்வமலர், அடுத்த பிடியைப் பிசைந்துகொண்டே. "பேசாமல் இரு பிள்ளை. ஆறமுன்னம் தின்ன விடு."